ரயிலுக்குக் காத்திருந்த சவப்பெட்டிகள்

ஓல்ஷினாவில் யாரும் சாகக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் ஜனங்கள் அங்கே வந்து குடியேறி ஒன்றரை வருஷமாகியும் ஒருத்தர்கூடச் சாகவில்லை. காற்று நல்ல காற்று, தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் காரணமில்லை. முதல் ஆளாகச் சாக எல்லோருக்கும் பயம், அவ்வளவுதான்.

பயத்துக்கு நியாயம் இருந்தது. கிழக்கே செரெத் ஆற்றங்கரையில் இருந்த சொந்த ஊரைப் போர் முடிந்த கையோடு ரஷ்யாக்காரன் எடுத்துக்கொண்டான். மாடு, கோழி, மாதா சுரூபம் சகிதம் எல்லோரையும் சரக்கு ரயிலில் ஏற்றி, தோற்றுப்போன ஜெர்மன்காரனின் ஊர் ஒன்றில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இனி இது போலந்து என்றார்கள். இறங்கினவர்களில் ஒருத்தரும் இங்கே இருந்துவிடப் போவதாக நினைக்கவில்லை. வரும் வசந்தத்தில் திரும்பிவிடலாம். அது தவறினால் அதற்கடுத்த வசந்தம். அதனால் கூரையில் ஓடு விழுந்த இடத்தில் வாளியை வைத்தார்களே தவிர ஓட்டை மாற்றவில்லை. சாய்ந்த வேலி சாய்ந்தபடி நின்றது. இந்த நிலையில் ஒருத்தன் செத்து இங்கே புதைக்கப்பட்டால்? மற்றவர்கள் எல்லாம் ரயிலேறிப் போன பிறகு அவன் மட்டும் தனியாக, பாஷை தெரியாத ஜெர்மன் பிணங்களுக்கு நடுவில், உயிர்த்தெழும் நாள்வரைக்கும் கிடக்க வேண்டும்.

"வானத்துலேர்ந்து எக்காளம் ஊதுற சம்மனசு ஜெர்மன்ல கூப்பிட்டுத் தொலைச்சா என்ன பண்றது? நான் பாட்டுக்குத் தூங்கிட்டுக் கிடப்பேன்" என்பான் ஒனுஃப்ரி. எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்த வாயை மூடுவதற்குள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

ஒனுஃப்ரிதான் ஊருக்குக் கோமாளி. நாற்பது தாண்டியவன், வழுக்கை, ஒரு கால் லேசாக இழுக்கும். தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவனுக்குக் கிடைத்த செங்கல் வீட்டின் சொந்தக்காரி இன்னும் அந்த வீட்டிலேயே இருந்தாள். ஒட்டிலியே என்று பேர். புருஷன் ஹெர்மனைப் போருக்கு முன்பே மண்ணுக்குக் கொடுத்தவள். ஜெர்மன்காரர்களை ரயில் ரயிலாக மேற்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் முறை இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் மாடியறையில். "அவ வீட்டுல அவளே வாடகைக்கு இருக்கா. அவ அடுப்புல நான் விருந்தாளி. எங்க ரெண்டு பேருக்குமே இந்தக் கணக்கு புரியல" என்று ஒனுஃப்ரி சொல்லித் திரிந்தான்.

கணக்கு புரிந்தவர் ஒனுஃப்ரியின் அப்பா காஸ்பர் மட்டும்தான். கிழவர் அந்தக் காலத்தில் ஆஸ்திரிய ராஜாவின் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே மண்டையில் அடித்துப் புகட்டிய ஜெர்மன் அப்படியே இருந்தது. ஆனால் பரேடு மைதானத்து ஜெர்மன். காலையில் மாடியிலிருந்து இறங்கி வரும் ஒட்டிலியேவைப் பார்த்து, "வரிசையில் நில்" என்பார். அவள் குதிகாலைச் சேர்த்து நிற்பாள். "வலதுபுறம் திரும்பு" என்றால் பால் சட்டி அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். கிறிஸ்துமஸ் இரவு விருந்தில், எதிர்பாராத விருந்தாளிக்கென்று வழக்கமாகப் போடும் காலித் தட்டுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்ததும் கிழவர்தான். தேனும் கசகசாவும் போட்ட கோதுமைப் பொங்கலை அவள் அழுதுகொண்டே தின்றாள். ருசி பிடிக்காமல் அழுகிறாள் என்றான் ஒனுஃப்ரி. மனைவி தெக்லா மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

விருந்து முடிந்து இரண்டு வாரத்தில் கிழவர் நெஞ்சுச் சளியோடு படுத்தார். அந்தக் குளிர்காலம் மாதிரி ஒன்றை யாரும் கண்டதில்லை. காகங்கள் மரத்திலிருந்து கல் மாதிரி விழுந்தன. நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டன. கிணற்றுக் கயிறு குச்சியாக விறைத்து நின்றது. கிழவர் மூச்சு விடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஒரு மத்தியானம் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"என்னை இங்க விட்டுட்டுப் போயிடாதடா. உங்கம்மா பக்கத்துல கொண்டு போட்டுடு."

"போறப்ப கூட்டிட்டுத்தான் போவேன்" என்றான் ஒனுஃப்ரி.

"சத்தியமா?"

"சத்தியமா, அப்பா."

ஒனுஃப்ரி ஆயுளில் கிண்டல் கலக்காமல் சொன்ன வார்த்தைகள் கொஞ்சம். அவற்றில் இது ஒன்று. கிழவர் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தார்.

சத்தியம் செய்தாகிவிட்டது. இனி பிணத்தை என்ன செய்வது? பண்ணையார் மாளிகைக்குப் பின்னால், பாதி பூமிக்குள் புதைந்த மாதிரி, புல் மூடிய செங்கல் கூண்டு ஒன்று இருந்தது. பனிக்கிடங்கு. ஓடிப்போன ஜெர்மன் பண்ணையார் கோடையில் பீரையும் மான் கறியையும் கெடாமல் அதில் வைத்திருந்தாராம். உள்ளே போனால் மூச்சு உறையும். பீரைக் காப்பாற்றிய இடம் அப்பாவைக் காப்பாற்றாதா என்று ஒனுஃப்ரி யோசித்தான். அவனுக்கு எல்லா யோசனையும் முதலில் ஜோக்காகத்தான் வரும். அப்புறம்தான் அதில் மாட்டிக்கொள்வான்.

ஊர் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தது. பக்கத்துப் பட்டணத்திலிருந்து சறுக்கு வண்டியில் வந்த பங்குச் சாமி சிரிக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கின உடம்பை மண்ணில் வைக்காமல் மான் தொடை மாதிரி தொங்கப்போடுவதா என்று சத்தம் போட்டார். ஆனால் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் தீப்பொறி பறக்கிற நிலத்தில் குழி வெட்ட அவராலும் வழி சொல்ல முடியவில்லை. நிலம் இளகுகிற வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு நாள்கூட ஆகாது என்று சொல்லிவிட்டு, கிடங்கு வாசலிலேயே ஜெபம் சொல்லிப் போனார். சவப்பெட்டியின் மேல் ஒனுஃப்ரி சுண்ணாம்புக் கட்டியால் சொந்த ஊரின் பேரை எழுதினான். ரயிலில் மாறிவிடக் கூடாதே.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நாலு வீடு தள்ளி இருந்த வலென்டியின் அம்மா அப்போலோனியா தூக்கத்திலேயே போய்விட்டாள். ஒன்றரை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கிழங்கட்டைகள், ஒருத்தர் வழிகாட்டிவிட்டார் என்றதும் வரிசையாகக் கிளம்பிவிட்டது மாதிரி இருந்தது. வலென்டி ஆறடி ஆள், கறிவெட்டுகிறவன், அழத் தெரியாதவன். தலையைக் குனிந்துகொண்டு ஒனுஃப்ரி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, உங்கப்பா பக்கத்துல எங்கம்மாவுக்கும் கொஞ்சம் எடம் தாங்கண்ணே. தனியா இருந்து பழக்கமில்லாதவ."

கிடங்கு என்ன ஒனுஃப்ரியின் சொத்தா? இருந்தாலும் தலையாட்டினான். பிப்ரவரிக்குள் இன்னும் சில பெட்டிகள் வந்துவிட்டன, ஒன்று ரொம்பச் சின்னது. ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பில் ஊர்ப் பேர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜனங்கள் கிடங்கு வாசலில் கூடி நின்று, பெட்டிகளை எந்த ரயில் பெட்டியில் ஏற்றுவது, மாட்டோடு ஏற்றலாமா, கூடாதா என்று பேசிக்கொண்டார்கள். வசந்தத்தில் மறுபடி சண்டை வரும், யாரோ ஒரு ஜெனரல் வெள்ளைக் குதிரையில் வந்து எல்லோரையும் கூட்டிப்போவார் என்று ஒரு பேச்சு. இல்லை, ஜெர்மன்காரன்தான் திரும்பி வருவான், தன் வீட்டில் நம்மைக் கண்டால் கழுத்தை அறுப்பான் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் நம்பினான். உயிரோடு இருக்கிறவர்கள் மூட்டை கட்டி வைத்திருந்தது போதாதென்று செத்தவர்களையும் மூட்டை கட்டி வைத்தாயிற்று என்று தெக்லா முணுமுணுத்தாள்.

மார்ச் நடுவில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

முதலில் கேட்டது வலென்டியின் மனைவி. கிடங்கு வழியாக விறகு கொண்டுவரும்போது உள்ளே தட்டுகிற மாதிரி. டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டொக். விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மறுநாள் வேறு ரெண்டு பேர் கேட்டார்கள். புதைக்காத பிணம் துணை தேடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சொந்த ஊரில் அதைச் சொல்லித்தான் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். மாடுகள் அந்தப் பக்கம் நடக்க மறுத்தன. ஊரில் யாருக்காவது ஒரு தும்மல் வந்தால் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

கிழவர் பரேடு நடத்துகிறார் போலிருக்கிறது என்று ஒனுஃப்ரி சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அவனும்தான்.

அன்று சமையலறையில் ஒட்டிலியே உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷத்தில் அவர்கள் பாஷையை ஒருமாதிரி பிடித்திருந்தாள். எந்தக் குளத்திலிருந்து பனி அறுத்தீர்கள் என்று கேட்டாள்.

"என்ன பனி?"

"கிடங்குக்கு."

ஒனுஃப்ரி முழித்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஜனவரியில் ஊரே ரம்பத்தோடு குளத்தில் இறங்குமாம். பாளம் பாளமாகப் பனியை அறுத்து, கிடங்கின் அடிக்குழி நிறைய அடுக்கி, மேலே மரத்தூளும் வைக்கோலும் திணித்து மூடுவார்களாம். அந்தப் பனிதான் கோடை முழுக்கக் குளிரைக் காக்கும். அடுக்காவிட்டால் அது வெறும் பள்ளம். பனி உருகும்போது மேட்டுத் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் வடியும்.

ஊரில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. கிடங்கு என்றால் தானாகக் குளிர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த கோடைக்குப் பனி சேர்த்து வைக்கிற எண்ணம், அடுத்த கோடையிலும் இங்கே இருக்கப்போகிறவனுக்குத்தானே வரும்?

"என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றாள் ஒட்டிலியே. "செத்தவங்களை அங்க வைக்கிறது உங்க வழக்கம்னு நெனச்சேன்."

ஒனுஃப்ரி தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினான். போகும் வழியில் வலென்டியையும் இழுத்துக்கொண்டான். வெளியே வெயில் அடித்தது. கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மாதம் ஏங்கிய வெயில், இப்போது அதுவே எதிரி. கிடங்குக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் அடித்தது. வாசல் வெளிச்சம் படிகளில் இறங்கி, பாதியில் தண்ணீரில் போய் நின்றது. கறுத்த தண்ணீர். அதில் சவப்பெட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. மெதுவாக, அவசரமே இல்லாமல், சுவரில் முட்டி, ஒன்றோடொன்று முட்டி. டொக். சின்னப் பெட்டி மட்டும் பெரியவற்றுக்கு நடுவில் சிக்கிச் சுற்றிச் சுற்றி வந்தது. மூடிகளின் மேலிருந்த ஊர்ப் பேரெல்லாம் கரைந்து போயிருந்தது.

வலென்டி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒனுஃப்ரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அப்பாவைப் பிடித்தான். பெட்டி கை நழுவி நழுவிப் போனது. கிழவருக்கு இங்கே விட்டுவைத்த கோபம் இன்னும் தீரவில்லை போல.

பெட்டிகளை வைக்கோல் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஊரே கூடிவிட்டது. அன்றைக்கென்று பார்த்து நகரசபை ஆள் சைக்கிளில் வந்து சேர்ந்தான். ரெண்டு செய்தி வைத்திருந்தான். மிச்சமிருக்கும் ஜெர்மன்காரர்கள் நாளைக் காலை எட்டு மணிக்குக் கையில் தூக்க முடிந்ததோடு கிளம்ப வேண்டும். அப்புறம், இந்த ஊரிலிருந்து ஆற்றங்கரைக்குத் திரும்ப ரயில் கேட்டு எழுதிய மனு பற்றி: கிழக்கே எந்த ரயிலும் கிடையாது, எல்லையை மூடியாயிற்று, இனி மனு போடுகிறவன் பேரை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சொல்லும்போது அவன் கொட்டகைப் பக்கம் பார்க்கவில்லை. மூக்கை மட்டும் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

ஒனுஃப்ரி வீட்டுக்கு வந்தபோது ஒட்டிலியே தன் மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள். ஒரே ஊரில் பிறந்து, கல்யாணம் கட்டி, புருஷனை இழந்து வாழ்ந்த வாழ்க்கை தலையணை உறை ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. ஒனுஃப்ரியால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு வீட்டை விட்டுக் கிளம்ப இவ்வளவு நேரம்தான் ஆகும் என்பது அவனுக்கும் தெரியும்.

"கல்லறைத் தோட்டத்துல ஹெர்மன் பக்கத்துல ஒரு இடம் இருக்கு" என்றாள் அவள். "எனக்குன்னு வெச்சது. கல்லுல என் பேரைக்கூட வெட்டியாச்சு, செத்த தேதி மட்டும்தான் பாக்கி. நான் எங்க போய்ச் சாவேனோ. உங்கப்பாவை அங்க வைங்க."

"சத்தியம் பண்ணிட்டேனேம்மா."

"ஹெர்மனும் பட்டாளத்துக்காரர்தான். ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்பாங்க." மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் போயிட்டா ஹெர்மன் பக்கத்துலயும் யாரும் இல்ல, ஒனுஃப்ரி."

தெக்லா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒனுஃப்ரி அன்று ராத்திரி முழுக்க ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். மூடிய எல்லைக்கு அந்தப் பக்கம் அம்மா. இந்தப் பக்கம் வைக்கோலில் ஈரம் சொட்டும் அப்பா. நடுவில், தான் கொடுத்த வார்த்தை.

விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். தனக்குள் பேசிக்கொண்டான்: அப்பா, நான் போகும்போது உன்னைக் கூட்டிப்போவேன் என்றுதானே சொன்னேன்? நான் போகவில்லை. வக்கீல்கூட வெட்கப்படுகிற வாதம் என்று அவனுக்கே தெரிந்தது. இருந்தாலும் வெட்டினான். மண் மேலே இளகியிருந்தது, அடியில் இன்னும் இரும்பு.

முழங்கால் ஆழம் போவதற்குள் வலென்டி வந்தான். பின்னால் ஊர். யாரும் உள்ளே வரவில்லை. இரும்பு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். வலென்டி மட்டும் குழி ஓரத்துக்கு வந்தான். அவன் கையிலும் மண்வெட்டி இருந்தது. அதைப் பிடித்திருந்த விதம் ஒனுஃப்ரிக்குப் பிடிக்கவில்லை.

"நிறுத்துங்கண்ணே."

ஒனுஃப்ரி வெட்டிக்கொண்டே இருந்தான்.

"மொதக் குழி விழுந்துதுன்னா அவ்வளவுதான். நாம இங்கதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் எந்த ஜெனரல் வந்து கூப்பிட்டா என்ன?"

"யாரும் வரப்போறதில்ல, வலென்டி."

"உங்க வாயால சொல்லாதீங்க." வலென்டி இன்னும் ஒரு அடி கிட்டே வந்தான். "நீங்க ஜோக்கு சொல்றவரு. ஜோக்கு மட்டும் சொல்லுங்க."

ஒனுஃப்ரி நிமிர்ந்தான். மண்வெட்டியைக் குழியில் ஊன்றினான். அடி விழும் என்றால் விழட்டும் என்று நின்றான். "உங்கம்மா தண்ணியில மிதந்ததைப் பாத்தேல்ல? எனக்கு ஜோக்கு வரல."

அப்போதுதான் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஜெர்மன்காரர்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் வண்டி. காவல்காரன் ஒருத்தன் துப்பாக்கியோடு கூட நடந்தான். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் ஒட்டிலியே ஏதோ சொன்னாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை நிறுத்தினான். ஊர் விலகி வழி விட்டது. அவள் நேரே ஹெர்மன் கல்லுக்கு வந்தாள், அதன் மேல் ஒரு நிமிஷம் கையை வைத்தாள். பிறகு குழியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. இங்க தண்ணி சீக்கிரம் ஏறும்" என்றாள். பம்பு கேட்டருகே இருக்கிறது, கைப்பிடியை முதலில் மேலே தூக்கினால்தான் தண்ணீர் வரும், ஹெர்மனுக்கு ஊற்றும்போது பக்கத்து ஆளுக்கும் சேர்த்து ஊற்றுங்கள் என்றாள். வீட்டுச் சாவியை வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போகிறவள் குரலில் சொன்னாள். ஒனுஃப்ரி குழிக்குள்ளிருந்து தலையாட்டினான். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டோமே என்று வண்டி வளைவில் திரும்பின பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

காஸ்பரை இறக்கும்போது வலென்டிதான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகப் பிடித்தான். சாமி வரவில்லை. தெரிந்த ஜெபத்தைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மண்ணைத் தள்ளி முடித்ததும் வலென்டி பக்கத்து வரிசைக்குப் போய், இரண்டு ஜெர்மன் கல்லுக்கு நடுவில் காலால் நீளம் அளந்தான். வெட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒனுஃப்ரியைத் திட்டினான். அப்பன் பேரைச் சொல்லி, தாத்தன் பேரைச் சொல்லி, அழுதுகொண்டே திட்டினான்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். சின்னப் பெட்டிக்காரர்கள் சுவரோரமாக, வெயில் படும் இடமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பெட்டி இல்லாதவர்களும் வந்தார்கள். சாகாதவர்கள், சாகும் உத்தேசம் இப்போதைக்கு இல்லாதவர்கள். கற்களுக்கு நடுவே நடந்தார்கள். மண்ணைக் கிளறி முகர்ந்தார்கள். இது மேடு, இங்கே தண்ணீர் தங்காது என்றாள் ஒருத்தி. தன் குடும்பத்துக்கு அந்த மூலை முழுக்க வேண்டும் என்றான் ஒருத்தன். அதெப்படி என்று இன்னொருத்தன் சண்டைக்கு வந்தான். முதன்முதலில் ரயிலிலிருந்து இறங்கிய அன்றைக்கு வீடு பிடிக்க ஓடினபோதுகூட இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

ஒனுஃப்ரி வாயைத் திறந்தான். இதற்கு ஏதாவது சொல்ல வேண்டும், ஊர் அவன் முகத்தைப் பார்த்தது.

வலென்டி குழிக்குள்ளிருந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். குரலில் கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"உங்களுக்கு எங்கண்ணே?"

ஒனுஃப்ரி கீழே பார்த்தான். அப்பாவின் ஒரு பக்கம் ஹெர்மன். மறுபக்கம், கல் ஏதும் இல்லாத காலி இடத்தில், அவனே நின்றுகொண்டிருந்தான். இளகிய மண்ணில் அவன் பூட்ஸ் கணுக்கால்வரைக்கும் இறங்கியிருந்தது. ஒரு காலை இழுத்துப் பார்த்தான். மண் விடவில்லை.